கன்று வீச்சு நோய்: விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். பென்னாகரம் பக்கம் காட்டோர ஊர் எங்களது, ஒன்பது ஆலம்பாடி மாடுகள் வைத்திருக்கிறோம். போன வாரம் ஒரு பசு ஏழாம் மாசத்திலேயே கன்று வீசிவிட்டது, நஞ்சுக்கொடியும் விழவில்லை. டாக்டர் புருசெல்லாவாக (கன்று வீச்சு நோய்க் கிருமி) இருக்கலாம் என்று ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. மனுஷனுக்கும் தொற்றும் என்பது அப்புறம்தான் தெரிந்தது, அதற்குள் அப்பா வெறுங்கையால் எல்லாவற்றையும் அள்ளிப் புதைத்துவிட்டார். காய்ச்சல் வருகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கிறோம், திட்டு வாங்குகிறோம்.

தூக்கம் வராமல் தேடிப் படித்ததில், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டெருமைகளுக்கும் இதே நோய்தானாம். 1917இல் கண்டுபிடித்தார்கள், வீட்டு மாடுகளிடமிருந்துதான் போயிருக்கும் என்கிறார்கள். தூரத்திலிருந்து சுட்டுத் தடுப்பூசி போடலாமா என்று பல வருஷம் யோசித்து 2014இல் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். காட்டு மந்தையை விடுங்கள், பட்டியில் நிற்கிற கன்றுக்கே நான் நேரத்தில் போடவில்லை.

4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக்கு ஒரே தடவைதான் இந்த ஊசி என்கிறார்கள். என்னிடம் ஒன்று ஐந்து மாசம், சரி, அதற்குப் போட்டுவிடலாம். இன்னொன்றுக்கு ஒன்பது முடிந்துவிட்டது, அதற்கு என்ன வழி? கன்று வீசிய பசுவை எத்தனை நாள் தனியாகக் கட்டணும்? எங்கள் மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டையில் காட்டு விலங்குகளும் இறங்கும், அங்கே ஓட்டிப் போகலாமா? பக்கத்தில் முகாம் எப்போது என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.