செர்ரி தின்றவர்களே, உங்களுக்கு என்ன ஆயிற்று?

மிச்சிகன்வாசி:
ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, கவுட் என்ற மூட்டுவலி வந்தவர்களுக்கு நடுராத்திரிக் கால் கட்டைவிரல் வலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போர்வை நுனி பட்டதற்கே கத்திவிட்டேன். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. இங்கே ஜூலை வந்தால் சாலையோரமெல்லாம் புளிப்புச் செர்ரிதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் மோன்ட்மரன்சி என்ற புளிப்புச் செர்ரி வகையின் சாறு ஒரு பாட்டில் கொண்டுவந்து, "மாத்திரை எதற்கு?" என்றார். குடித்தேன், மறுநாள் வலி இறங்கியது. ஆனால் டாக்டர் கொடுத்த கவுட் வலி மாத்திரை கோல்ச்சிசினையும் அன்றே விழுங்கியிருந்தேன். எது கேட்டது? அந்த மனிதரோ தெருவில் போகிறவர்களிடமெல்லாம் என் காலைக் காட்டிப் பெருமை பேசுகிறார். மறுத்துப் பேசவும் முடியவில்லை.

வைகைக்கரை:
நான் சர்க்கரை நோயாளி. செர்ரி தின்றால் சர்க்கரை ஏறாது என்று நாத்தனார் அடித்துச் சொன்னாள். மதியம் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, காஷ்மீர் செர்ரி ஒரு டப்பாவைப் பேசிக்கொண்டே காலி செய்தேன். விரலில் குத்திப் பார்த்தால் 238! கணவர் கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி என் முன்னால் வைத்தார். தயிர்ச்சோறா, செர்ரியா? இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

குன்னூரான்:
முதலில் எந்தச் செர்ரி என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். யூரிக் அமிலத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, மளிகைக் கடைப் பாக்கெட்டில் வரும் சிவப்புச் செர்ரியை அப்பா தினமும் மென்றுகொண்டிருந்தார். நான் நாலைந்தைக் குழாயடியில் பிடித்தேன். சாயம் கரைந்து தொட்டி முழுக்கச் சிவப்பாக ஓடியது. கையில் மிஞ்சியது வெளிறிப்போன களாக்காய். கேக்கின் மேல் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான்: சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். அப்பா நம்பவில்லை. "கடைக்காரன் பொய் சொல்வானா?" என்கிறார்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
காஷ்மீரில் சோனமார்க் போகும் வழியில் ஜீப்பில் உட்கார்ந்து ஒரு பெட்டி செர்ரி தின்றேன். செர்ரியில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் உண்டு, வயிற்றை இளக்கும். மலைப்பாதையில் வண்டியை நிறுத்த இடமே கிடைக்கவில்லை. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

மிச்சிகன் நண்பருக்கு: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு மாத்திரையைக் கைவிட்டுவிடாதீர்கள். 2012இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கவுட் உள்ள 633 பேரை ஓராண்டு கவனித்தார்கள். செர்ரி தின்ற இரண்டு நாட்களில் வலி தாக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையும் சேர்ந்தபோது 75 சதவீதம். மாத்திரையின் பங்கை இதிலேயே பார்க்கலாம். அதுவும் அவர்கள் தின்றதையும் வலித்ததையும் வைத்துப் போட்ட கணக்குதான்; செர்ரிதான் காரணம் என்பதற்கு நிரூபணம் அல்ல. பின்னர் நியூசிலாந்தில் 50 நோயாளிகளுக்கு 28 நாள் செர்ரிச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள்; ரத்தத்தில் யூரிக் அமிலம் குறையவில்லை. சர்க்கரை சேர்த்த சாறு என்றால் தொடவே வேண்டாம். அதிலுள்ள பிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலம்தான் கூடும். உலர்ந்த செர்ரி வாங்கினால் லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பீரை விடுங்கள். ஈரல், நெத்திலி இரண்டையும் குறையுங்கள். உடல் எடையை மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறும்.

வைகைக்கரை அம்மாவுக்கு: இனிப்புச் செர்ரி 100 கிராமில் சுமார் 13 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும். டப்பாவை மேசையில் வைக்காதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். காலையில் நடங்கள். நாத்தனாரிடம்…

வைகைக்கரை:
ஐயா, நாத்தனாரை நான் பார்த்துக்கொள்கிறேன். தயிர்ச்சோறா, செர்ரியா? அதை மட்டும் சொல்லுங்கள்.