தாத்தா பேனாவில் விரிசல்

ரங்கூன் வீடு (குடும்பக் குழு)

நான்: தாத்தா கடைந்து கொடுத்த தேக்குப் பேனாவில் விரிசல் விழுந்துவிட்டது. கிளிப்பிலிருந்து நடு வளையம் வரை நூல் மாதிரி ஒரு கோடு. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். காலையிலிருந்து வேலையே ஓடவில்லை.

மாமா: அடடா. ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு இறுக்கிப் பிடி, ஒட்டிக்கொள்ளும்.

சித்தப்பா: மச்சான், பொறுங்கள். பாப்பா, அப்படியே விடாதே. பசை உள்ளே இறங்கித் திருகும் பாகத்தைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் ரீஃபில்கூட மாற்ற முடியாது. பேனாவை எங்கே வைத்திருந்தாய்?

நான்: ஆபீஸ் மேசையில். ஏசிக்கு நேர் கீழே.

சித்தப்பா: அதுதான் காரணம். அப்பா அதைக் கடைந்தது ஆடி மழையில். மரம் ஈரம் குடித்திருந்த நேரம். ஏசியில் காயக் காயச் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் அதோடு சுருங்காது. மரம் குறுக்கில்தான் அதிகம் சுருங்கும், நீளத்தில் மிகக் கொஞ்சம். அதனால் ரேகை ஓடுகிற வழியிலேயே பிளக்கிறது.

அம்மா: தேக்கிலுமா தம்பி? நம் வாசல் கதவு இத்தனை மழை பார்த்தும் அப்படியே நிற்கிறதே!

சித்தப்பா: கதவுப் பலகைக்கு அசைய இடம் விட்டிருக்கிறார்கள் அண்ணி. இங்கே மெல்லிய மரத்தைப் பித்தளையோடு ஒட்டியிருக்கிறது. தேக்காக இருந்ததால் ஒரு கோட்டோடு நின்றது. கருங்காலி என்றால் இன்னும் மோசமாக வெடித்திருக்கும்.

அண்ணன்: பளபளப்பும் போய்விட்டதே சித்தப்பா. அதற்கும் ஏசிதான் காரணமா?

சித்தப்பா: இல்லை, அது கை வியர்வை. அப்பா போட்டது அரக்குப் பாலிஷ். பிடிக்கிற இடத்தில் தேயும், மறுபடி பூசினால் போதும். சூப்பர் குளூவையே பல பூச்சு பூசுகிறவர்களும் உண்டு. கண்ணாடி மாதிரி நெடுநாள் நிற்கும். ஆனால் தொட்டால் மரம் தெரியாது. அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்கும்தான்.

நான்: சரி, இப்போது என்ன செய்ய?

சித்தப்பா: நடுவில் பிடித்து நேராக இழு, இரண்டாகப் பிரியும். மேல் பாதியை மட்டும் தனியாக வை. கிளிப்பை நான் உள்ளிருந்து கம்பி விட்டுத் தட்டி எடுக்கிறேன். தேக்கில் எண்ணெய் அதிகம், துடைக்காமல் விட்டால் பசை பிடிக்காது. அசிட்டோன் தொட்டுத் துடைத்து, தேக்குத் தூளை விரிசலில் அடைத்து, தண்ணீர் மாதிரி இருக்கிற சூப்பர் குளூவை விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ரேகையோடு உப்புத்தாள் போட்டு, அரக்குப் பாலிஷ்.

மாமா: என் யோசனையில் பாதி சரி என்று சொல்லுங்கள்.

சித்தப்பா: பாதிக்கு மேலேயே சரி மச்சான். அப்பா கடைந்த கட்டையின் மீதித் துண்டு இங்கே மோல்மேனில் என்னிடம் இருக்கிறது. தூள் அதிலிருந்தே எடுக்கிறேன், நிறம் ஒத்துப்போகும். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

நான்: அதுவரை ஏசியை விட்டுத் தள்ளி வைக்கட்டுமா?

சித்தப்பா: வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். சுருங்குகிற மட்டும் சுருங்கட்டும். ஈரத்தில் விரிசல் மூடியிருக்கும்போது அடைத்தால் காய்ந்ததும் மறுபடி திறந்துவிடும்.