மீஷ்டாஸ்டிக்: சிங்கப்பூர்ல மத்த நோடு ஒன்னும் தெரியல, லைசென்ஸ் வேணுமா? அவசரம்

கரையோரம்:
மீஷ்டாஸ்டிக்ல (சிம் இல்லாம ரேடியோ வழியா மெசேஜ் அனுப்புற மென்பொருள்) போட ரெண்டு ஹெல்டெக் வி3 ரேடியோ போர்டு வாங்கினேன். ஒன்னுக்கொன்னு மெசேஜ் போகுது, ஆனா லிஸ்ட்ல வேற நோடே (மத்தவங்க கருவி) வரல. லைசென்ஸ் இல்லாததால பிளாக் பண்றாங்களா? சனிக்கிழமை புலாவ் உபின்ல நடைப்பயணம், 14 பேர்.

தாமிரக்கம்பி:
குறைஞ்ச அலைவரிசை மாடலா, 863–928 மெகாஹெர்ட்ஸ் மாடலா? ரீஜன் (எந்த நாட்டு அலைவரிசைங்கிற செட்டிங்) என்ன? ஆன்டெனா என்ன?

சுருள்வில்:
ஆன்டெனா கனெக்டர் லூஸா இருக்கும். பாதி கேஸ் அதுதான்.

அலைமூத்தவன்:
அடிப்படை படிக்காம ரேடியோவைத் தொடக்கூடாது தம்பி. ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தேர்வு எழுதி சிங்கப்பூரோட 9வி1 அழைப்புக்குறி வாங்குங்க, பிறகு பேசலாம்.

நெட்டலை:
ஐயா, ஹாம் இதுக்கு உதவாது. 902–928 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ஒதுக்கீடு ஐடியூவோட (உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) 2ஆம் மண்டலத்துக்கு, அதாவது அமெரிக்கக் கண்டங்களுக்கு. சிங்கப்பூர் 3ஆம் மண்டலம்.

கரையோரம்:
863–928. ரீஜன் யூஎஸ்னு இருக்கு. 5 டிபிஐ (சிக்னலைக் குவிக்கிற அளவு) ஆன்டெனா தனியா வாங்கி மாட்டினேன்.

தாமிரக்கம்பி:
முதல்ல ரெண்டையும் அணைங்க. யூஎஸ்ல லாங்ஃபாஸ்ட் (வழக்கமான மோடு) 906.875 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்பும். இங்க அது கைப்பேசி டவருக்குப் பேசுற அலை. தூரத்துப் போனோட மெல்லிய சிக்னலைத் தேடுற டவர் ரிசீவர்ல உங்க நோடு போய் விழும்.
லைசென்ஸ் இல்லனு யாரும் காத்துல பிளாக் பண்ண முடியாது. மத்தவங்க வேற அலைவரிசையில இருக்காங்க, அவ்வளவுதான். லோரா (ரேடியோ) செட்டிங்ல ரீஜனை எஸ்ஜி_923னு மாத்துங்க: 917–925 மெகாஹெர்ட்ஸ், 100 மில்லிவாட் வரை. ஐஎம்டிஏவோட (சிங்கப்பூர் தொலைத்தொடர்பு ஆணையம்) குறுந்தூரக் கருவி விதிக்குள்ள இருந்தா தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனா யாராவது குறுக்கிட்டா பாதுகாப்பு கேட்க முடியாது.

நெட்டலை:
பவரையும் குறைங்க. கருவியோட பவர் 20 டிபிஎம் + 5 டிபிஐ − 2.15 (டிபிஐயை ஈஆர்பி கணக்குக்கு மாத்துற கழிவு) = 22.85 டிபிஎம், கிட்டத்தட்ட 193 மில்லிவாட் ஈஆர்பி, அதாவது ஆன்டெனாவோட சேர்ந்து வெளியே போற பவர். 17 டிபிஎம் வெச்சா 97 மில்லிவாட்.

அலைமூத்தவன்:
ஃபர்ம்வேரே (கருவிக்குள்ள இருக்கிற மென்பொருள்) 20ல நிறுத்திடும். இந்தக் கணக்கு தேவையே இல்ல.

நெட்டலை:
அது சிப்போட பவரைத்தான் நிறுத்தும். வெளியே என்ன ஆன்டெனா மாட்டியிருக்குனு அதுக்கு எப்படித் தெரியும்?

அலைமூத்தவன்:
கேபிள் இழப்பைக் கழிச்சீங்களா?

நெட்டலை:
கருவியிலேயே திருகுற ஆன்டெனாவுக்கு ஏது கேபிள்? பத்து மீட்டர் கேபிள் போட்டா சொல்லுங்க, கழிக்கிறேன்.

தாமிரக்கம்பி:
உபின்ல இன்னொன்னு: எதிர்க்கரை ஜொகூர். அங்க எம்ஒய்_919 (மலேசிய ரீஜன்) வெச்சிருப்பாங்க. அந்த நோடுகள் வரலைனா பழுதுனு நினைச்சு ரீஜனை மாத்திடாதீங்க.

கரையோரம்:
எஸ்ஜி_923, 17. ஆறு நோடு வந்துடுச்சு. நன்றிண்ணே.