ஆகக் குறைந்த புள்ளி வாங்கிய பிள்ளை

இலங்கையின் வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் 14 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் வேலையும் என்னிடம்தான்.

அவர்களின் செய்முறைப் பரீட்சை இப்படித்தான்: மேசை மேசையாகப் போய், மணி அடிப்பதற்குள் சொன்ன வேலையைச் செய்து காட்டவேண்டும். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் மருத்துவ மாணவர்களுக்காகக் கொண்டுவந்த முறை. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்பதால் நியாயமானதும்கூட. ஆனால் மணிச் சத்தம் கேட்டாலே ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கும். தன் பெயரைச் சொல்ல மறந்தாள், கையுறையைத் தவறவிட்டாள். அந்தத் தொகுதியில் ஆகக் குறைந்த புள்ளி அவளுக்கு. போட்டது நான்.

அதே வருடம் மாசியில், அரிவி வெட்டுக்குக் கொஞ்சம் முந்தி, வயலில் பன்றிக் காவலுக்குப் படுத்திருந்த ஒரு ஐயாவைப் புடையன் பாம்பு கடித்து நடுச்சாமத்தில் கொண்டுவந்தார்கள். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கவேண்டும். அவசரத்தில் யாரோ பிளாஸ்டிக் குழாயை நீட்ட, "இது வேண்டாம், கண்ணாடிதான் வேணும், சோப் போட்டுக் கழுவினதும் சரிவராது" என்று புதுக் குழாய் ஒன்றை அவளே தேடி எடுத்தாள். இரத்தத்தை விட்டு, நிமிர்த்தி வைத்து, நேரத்தை எழுதினாள். பாதி நேரத்தில் ஐயாவின் மகன் குழாயைத் தூக்கப் போக, "அண்ணா, 20 நிமிடம் தொடக்கூடாது" என்று தடுத்தாள், குரலில் நடுக்கமே இல்லை. சரித்தபோது இரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. டொக்டர் விஷமுறிவு மருந்தைத் தொடங்கினார்.

அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. எங்கள் நாட்டுப் புடையனின் விஷம் நரம்பையும் தாக்கும் என்பதால் இமை சரிகிறதா, மூச்சு எப்படி என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஐயா கழுத்தைச் சொறிந்ததை முதலில் கண்டதும் அவள்தான். விஷமுறிவு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று புரிந்து, உடனே அதை நிறுத்தி டொக்டரைக் கூப்பிட்டாள், அட்ரினலின் ஏற்றினார்கள். ஐயா பிழைத்தார்.

தாதியக் கல்வி பற்றிய ஆய்வுகளை நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, உண்மையான வேலையில் செய்வது என்று திறமையை 4 படியாக 1990இல் ஜோர்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் பிரித்திருக்கிறார். எங்கள் பரீட்சை மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறது, நான் போட்ட புள்ளியும் அப்படித்தான். தாதியக் கல்வியாளர் பட்ரிசியா பெனர் 1984இல் எழுதிய புத்தகம் என்னை இன்னும் உலுப்பியது. தாதியர் தங்கள் வார்டில் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டு, புதியவர் முதல் கைதேர்ந்தவர் வரை 5 நிலைகளை அவர் விளக்குகிறார்.

இப்போது என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. கட்டிலருகே ஒரு பிள்ளை செய்ததை அன்றே எழுதி, அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கே வாசிக்கக் கொடுக்கிறேன். முதல் பக்கம் அந்த இரவு. அவள் வாசித்துவிட்டு, "அக்கா, குழாயை வைத்தது 1.40க்கு, நீங்கள் 1.45 என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றாள். கட்டில் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 1.40தான்.