கலைச்சொல் விவாதம்: ‘நிலஞ்சாராத் தன்னாட்சி’ மலையகத்துக்குச் சரிவருமா?

> ‘நிலஞ்சாராத் தன்னாட்சி’ என்றே முடிவு செய்துவிடலாமா?

வணக்கம், பேராதனை நண்பரே. வேண்டாம் என்பேன். பண்பாடு, கல்வி பற்றிய அதிகாரம் மாகாண எல்லையோடு நில்லாமல், சிதறி வாழும் ஒரு சமூகத்தின் கையில் இருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் (non-territorial autonomy) சொல் தேடுகிறோம். இலங்கை மலையகத்தில் நிலம் என்றால் காணி. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) காணி உறுதி கேட்பவர்களிடம் ‘நிலஞ்சாராத’ என்று போய் நின்றால், காணியை மறந்துவிடச் சொல்கிறோம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘தன்னாட்சி’யை விட ‘சுயாட்சி’ இங்கே பழகிய சொல்.

சொல்லின் தேவை பெரியது. மலையகத் தமிழரின் காமன் கூத்து மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்கள் மூன்றிலும் ஆடப்படுகிறது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் (1987) அதிகாரத்தை மாகாணத்துக்குத்தான் பகிர்ந்தது. ஹட்டனில் கூத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய மத்திய மாகாணப் பணம் பதுளைக்குப் போகாது. அங்கே ஊவா தனியாக ஒதுக்க வேண்டும். பிரதேச சபைகளின் நிலை இன்னும் மோசம்: தோட்டக் குடியிருப்புகளில் வேலை செய்யச் சட்டம் வழிவிட்டதே 2018 திருத்தத்தில்தான்.

> ‘ஆள்வழிச் சுயாட்சி’?

எஸ்தோனியாவுக்குப் பொருந்தும். 1925 சட்டப்படி 3,000 பேருக்குக் குறையாத சிறுபான்மையினர் பெயர்களைப் பதிந்து, பண்பாட்டுச் சபை தெரிவுசெய்து, பள்ளிகளை நடத்த முடிந்தது, தம் உறுப்பினரிடம் வரியும் அறவிட முடிந்தது. ஜெர்மானியர் அதே ஆண்டிலும் யூதர் 1926இலும் சபை அமைத்தார்கள். அங்கே எல்லாம் ஆளை எண்ணித்தான்.

பெல்ஜியத்தின் பிரசல்ஸில் ஆட்களை அப்படிப் பதிவதில்லை. டச்சு மொழியில் இயங்கும் நாடக அரங்கு பிளெமிஷ் சமூகம் என்ற ஆட்சி அமைப்பின் கீழ் வரும், பிரெஞ்சில் இயங்குவது பிரெஞ்சுச் சமூகத்தின் கீழ். நிறுவனந்தான் அளவுகோல். ‘ஆள்வழி’ அங்கே தவறாகிவிடுகிறது. போதாததற்கு, நம் சட்டத்தமிழில் ‘ஆட்புலம்’ எல்லையைக் குறிக்கும். ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்.

என் முன்மொழிவு: சமூகவழிச் சுயாட்சி. சமூகவழிச் சபை, சமூகவழி இடாப்பு (பெயர்ப் பதிவேடு), சமூகவழி வரி என்று தடையில்லாமல் நீள்கிறது.

– ஹட்டன்

> சமூகவழிச் சுயாட்சி

தமிழ்நாட்டு வாசகர் ‘சமூகம்’ என்பதைச் சாதியாகப் படிக்க இடமுண்டு. ‘இனவழி’ என்றால் என்ன?

– பேராதனை

இனம் என்றதும் குடிசன மதிப்பீட்டுக் கட்டம் வந்துவிடும். மலையகத்தவர் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிகிறார்கள். இனவழி இடாப்பு போட்டால் அவர்கள் வெளியே நிற்பார்கள், சபையின் பலமும் குறையும். சாதிக் குழப்பத்துக்கு அகராதிப் பதிவில் ஒரு வரி விளக்கம் போதும். ‘மொழிவழி’யும் உதவாது, யாழ்ப்பாணத்தாரும் கிழக்கு முஸ்லிம்களும் பேசுவது தமிழ்தானே.

– ஹட்டன்

சரி, ஏற்கிறேன். ‘வழி’யைச் சேர்த்தே எழுத வேண்டும். ‘சமூக சுயாட்சி’ என்று சுருக்கினால் சமூகநலத் திட்டம் மாதிரி ஒலிக்கிறது.

– பேராதனை