'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' — மாற்றுச் சொல்: 'நிறைசேவைக் குடிநீர்'

வணக்கம் ஐயா. குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

> 'safely managed drinking water' என்பதற்குப் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு. இதற்கு ஏன் புதுச்சொல்?

ஐயா, நீளத்தை நான் பொறுத்துக்கொள்வேன். பொருள் தெளிவு என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் தடை. போன வாரம் நம் குடிநீர் அறிக்கை மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "டேங்குக்குப் பூட்டு போட்டு ஆள் வச்சிருக்காங்கங்கிறியா?" என்று கேட்டார். 'பாதுகாப்பு', 'நிர்வாகம்' இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நம் காதில் விழுவது காவலும் ஆபீசும்தான். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன்.

சொல்லைப் பார்க்கும் முன் அது எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990 முதல் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டத்தில், குடிநீர் வசதியைத் தரம் பிரிக்கும் ஏணியின் உச்சிப் படி இதுதான். மேம்பட்ட ஆதாரத்திலிருந்து (குழாய், குழாய்க்கிணறு, மூடிய கிணறு போன்றவை) வரும் நீர் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். வீட்டு வளாகத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். வேண்டும்போது கிடைக்க வேண்டும். மலக்கிருமியும், ஆர்சனிக், ஃபுளூரைடு போன்ற நஞ்சும் இல்லாமல் இருக்க வேண்டும். இதில் நிர்வாகம் பற்றிய சோதனை ஒன்றுகூட இல்லை. எல்லாமே குடிப்பவர் பக்கமிருந்து கேட்கும் கேள்விகள்.

இந்தப் படி ஏன் வந்தது என்பதற்கு வங்கதேசத்தைப் பார்த்தால் போதும். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்த நாடு. அதைத் தடுக்கத்தான் 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் இறக்கினார்கள். 1993இல் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பம்பின் மூக்கில் சிவப்பு வண்ணம், இல்லையென்றால் பச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10தான். அப்படியானால் பச்சை மூக்குப் பம்பிலும் எல்லாமே நல்ல தண்ணீர் இல்லை. ஆனால் 2015 வரை இருந்த 'மேம்பட்ட ஆதாரம்' என்ற வரையறைக்குச் சிவப்பும் ஒன்றுதான், பச்சையும் ஒன்றுதான். அது கட்டுமானத்தைப் பார்த்தது, உள்ளே இருந்த தண்ணீரைப் பார்க்கவில்லை. ஐ.நா.வின் புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில் இருந்த குடிநீர் இலக்கை 2010லேயே எட்டிவிட்டோம் என்று உலகுக்கு அறிவித்தது அந்த அளவுகோலை வைத்துத்தான். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. அந்த ஓட்டையை அடைக்க வந்த சொல்லைத் தமிழில் மறுபடி மங்கலாக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல். நம் ஊரில் 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்றால் குளோரின் போட்ட தண்ணீர், கேன் தண்ணீர். இதே அறிக்கையில், உறை ஏற்றி மூடி போட்ட கிணற்றுக்குப் 'பாதுகாக்கப்பட்ட கிணறு' என்று பெயர் வைத்திருக்கிறோம். பாதுகாக்கப்பட்ட கிணற்றுக்கு நடந்து போய் நீர் எடுக்கும் பெண் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும்' கணக்கில் வரமாட்டாள். ஒரே வேர்ச்சொல் மூன்று தரத்துக்கு! படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

யாழ்ப்பாணத்துத் தங்கை 'தீங்கிலாக் குடிநீர்' என்று முன்வைத்திருந்தார். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் மூன்றில் தரம் ஒன்றைத்தான் அது சொல்கிறது. ராமநாதபுரம் பக்கம் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறார்களே, அந்த நீர் தீங்கில்லாததாகவே இருக்கட்டும். அகப்பையில் மொண்டு மொண்டு குடம் நிரப்பி, வெயிலில் தள்ளிக்கொண்டு வரும் உழைப்பை அந்தச் சொல் மறைத்துவிடும்.

என் முன்மொழிவு 'நிறைசேவை'. மூன்றும் நிறைந்தால்தான் நிறை, ஒன்று குறைந்தாலும் நிறை இல்லை. கணக்கும் அப்படித்தான் போடுகிறார்கள்: வளாகத்தில் கிடைப்போர், வேண்டும்போது கிடைப்போர், மாசற்ற நீர் பெறுவோர் என்று மூன்று விகிதத்தில் எது குறைவோ அதுதான் நாட்டின் விகிதம். அடுத்த படிக்கு 'அடிப்படைச் சேவை' இருக்கட்டும்; போய், வரிசையில் நின்று, திரும்பிவர 30 நிமிடத்துக்குள் என்பது அதன் எல்லை. அதைத் தாண்டினால் 'குறைசேவை'. இதுவரை 'வரையறுக்கப்பட்ட சேவை' என்று எழுதியதைப் படித்து யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. நிறை, குறை என்று ஜோடியாக வருவது ஏணிக்கு வசதி. கீழ்ப்படிகளான மேம்படாத ஆதாரம், மேற்பரப்பு நீர் இரண்டையும் தொட வேண்டாம்.

'நிறை' என்றால் இயற்பியலில் வேறு பொருள் ஆயிற்றே என்று கேட்பீர்கள். நிறைகுடம், நிறைமாதம் என்று சொல்லும்போது யாரும் தராசைத் தேடுவதில்லையே ஐயா.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "2024 கணக்குப்படி உலகில் 210 கோடிப் பேருக்கு நிறைசேவைக் குடிநீர் இல்லை." பழைய சொல்லை அதே இடத்தில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

'சேவை'க்குப் பதில் 'நிறைவழங்கல்' என்று ஒருவர் கேட்டிருந்தார். குடிநீருக்குப் பொருந்தும், கழிப்பறைக்கு ஒட்டாது. கழிவகற்றலுக்கும் இதே உச்சிப் படி உண்டு: பிற வீட்டாரோடு பகிராத கழிப்பறை, அதோடு மலம் அங்கேயே பாதுகாப்பாக மக்க வேண்டும் அல்லது சுத்திகரிக்கப்பட வேண்டும். செப்டிக் டேங்கை உறிஞ்சிய லாரி ஏரிக்கரையில் திறந்துவிட்டால், டைல்ஸ் போட்ட கழிப்பறையும் நிறைசேவை ஆகாது. 340 கோடிப் பேர் இந்தப் படிக்கு வெளியே நிற்கிறார்கள். கைகழுவும் வசதிக்கு மட்டும் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். அந்த ஏணியில் வீட்டில் சோப்பும் தண்ணீரும் இருப்பதே உச்சி, அதற்குப் பெயர் அடிப்படைச் சேவை.

'சுகாதாரம்' என்ற ஒரே சொல்லை ஆஸ்பத்திரிக்கும் கழிப்பறைக்கும் கைகழுவலுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இப்போதைக்கு நிறைசேவை, குறைசேவை இரண்டுக்கும் உங்கள் சம்மதமோ மறுப்போ புதன்கிழமைக்குள் வந்தால், கோப்பை அனுப்புமுன் திருத்திவிடுவேன்.

அன்புடன்.