‘இன்வேலிட்’ என்றேன், மறுமுனை அமைதியாகிவிட்டது: ஆங்கிலத்தில் அழுத்தம் ஏன் இடம் மாறுகிறது?

ஹெட்செட்_கோவை:
வணக்கம். இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் அழைப்பை எடுக்கும் வேலையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு வயதான அம்மாவிடம், அவருடைய பாலிசி செல்லாது என்பதற்கு ‘யூ ஹேவ் அன் இன்வேலிட் பாலிசி மேடம்’ என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. அப்புறம், தனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பதிவைப் போட்டுக் காட்டிய டிரெய்னர், “முதல் அசையை அழுத்துகிறாய், அதுதான் சிக்கல்” என்றார். விதி என்ன என்று கேட்டால் “கேட்டுக் கேட்டுப் பழகு” என்கிறார்.

அகராதியில் சிறு கோடு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் சொன்னேன். ‘இன்’ முடிந்ததும் கோடு இருக்கிறது, அதனால் ‘இன்’-ஐ அழுத்தினேன். எங்கே தப்பு? ஒரே சொல்லில் ஏன் இந்த அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
தம்பி, சிக்கல் அந்தக் கோட்டில்தான். அது முடிந்த அசைக்கு இல்லை, அடுத்து வரும் அசைக்கு. கோட்டுக்குப் பின்னால் வருவதை அழுத்த வேண்டும். சில பழைய அகராதிகளில் தலைகீழாக, அசைக்குப் பின்னால் குறி போட்டிருப்பார்கள். அதனால் முன்னுரைப் பக்கத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். (அசை என்றதும் நேர், நிரை என்று யாப்புக்குப் போய்விடாதீர்கள். வாய் ஒருமுறை திறந்து மூடும் அளவு, அவ்வளவுதான்.)

அழுத்தும் இடத்தைச் சதுர அடைப்பில் போடுகிறேன். இன்-[வே]-லிட் என்றால் செல்லாதது. [இன்]-வ-லிட் என்றால் நோயால் முடங்கியவர். இரண்டும் ‘வலுவில்லாத’ என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. நீங்கள் அந்த அம்மாவுக்கு ‘நோயாளி பாலிசி’ கொடுத்திருக்கிறீர்கள்! அந்தப் பெயர்ச்சொல்லை இப்போது மரியாதைக் குறைவாகவும் நினைப்பார்கள்.

நைட்ஷிப்ட்_நாகராஜன்:
ப்ரோ, எதற்கு வம்பு? ‘நாட் வேலிட்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் ஆறு வருடமாக அப்படித்தான் சமாளிக்கிறேன்.

ஹெட்செட்_கோவை:
கோட்டை நாலு மாதமாகத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்! ‘நாட் வேலிட்’ இன்று இரவே வேலைக்கு ஆகும், நன்றி ப்ரோ. ஆனால் [ஃபோ]-ட-க்ராஃப், ஃப-[டா]-க்ர-ஃபர், ஃபோ-ட-[க்ராஃ]-ஃபிக் எல்லாம் ஒரே குடும்பம்தானே? ஏன் ஆளுக்கொரு இடம்?

மொழிப்பித்து:
இரண்டு வீட்டுப் பழக்கம் ஒரே வீட்டில் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம். அங்கே பொதுவாகச் சொல்லின் வேர் தொடங்கும் இடத்தில் அழுத்தம் நிற்கும், விகுதி சேர்ந்தாலும் அசையாது. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்துக்கு வந்தபின் பிரெஞ்சுச் சொற்கள் குவிந்தன, பிறகு லத்தீன், கிரேக்கம். அவற்றில் அழுத்தத்தை முடிவு செய்வது சொல்லின் வால். ‘இக்’, ‘இட்டி’, ‘ஷன்’ வந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய அசைக்கு அழுத்தம் போகும்: இ-[லெக்]-ட்ரிக், ஆனால் இ-லெக்-[ட்ரி]-சி-ட்டி. ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘மென்ட்’ அழுத்தத்தைத் தொடாது. டி-[வெ]-லப் என்பது டி-[வெ]-லப்-மென்ட் ஆகவே இருக்கும். நம் ஊரில் பாதிப்பேர் சொல்லும் [டெ]-வலப்மென்ட் இங்கேதான் வழுக்குகிறது. ‘ஈ’, ‘ஈர்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அந்த வாலே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும்: என்-ஜி-[னீர்].

பெயர்ச்சொல் என்றால் முன் அசையில், வினைச்சொல் என்றால் பின் அசையில் என்று அழுத்தம் மாறும் ஜோடிகள் தனி. [ரெ]-கார்ட் என்றால் பதிவு, ரி-[கார்ட்] என்றால் பதிவு செய். 1570-இல் வந்த ஒரு அகராதியில் இப்படி மூன்றே மூன்று ஜோடிகள்தான்: அவுட்லா, ரெபல், ரெக்கார்ட். அப்புறம் பெருகிக்கொண்டே போயின.

நைட்ஷிப்ட்_நாகராஜன்:
நம் ஆங்கிலமும் ஒரு ஆங்கிலம்தானே? வெள்ளைக்காரர்களே ‘கான்ட்ரவர்ஸி’க்கு ஆளுக்கொரு இடத்தில் அழுத்துகிறார்கள். நாம் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
நமக்குள் பேசும்போது பிரச்சினையே இல்லை, தம்பி. லண்டன்காரர் லெ-[பா]-ர-ட்ரி என்பதை அமெரிக்கர் [லே]-ப்ர-டோரி என்கிறார், அவர்களும் பிழைத்துத்தான் போகிறார்கள். ஆனால் தொலைபேசியில் முகம் தெரியாது. கேட்பவர் அழுத்தம் விழும் இடத்தை வைத்துத்தான் சொல்லைத் தேடுகிறார். அது மாறினால் வேறு சொல்லைப் போய் எடுத்துவிடுவார்.

ஹெட்செட்_கோவை:
இன்று பழகிப் பார்த்தேன். தோழி கேட்டுவிட்டு, “ஏன் திட்டுகிறாய்?” என்கிறாள். இன்னொன்று: தர்ட்டீன் என்று சொன்னதை வாடிக்கையாளர் முப்பது என்று எழுதிவிட்டார். தர்-[ட்டீன்] என்றுதானே சொல்ல வேண்டும்?

மொழிப்பித்து:
சத்தத்தைக் கூட்டினால் திட்டுவது போலத்தான் இருக்கும். அழுத்தும் அசையை நீட்டுங்கள், குரலை லேசாக மேலே ஏற்றுங்கள், மற்ற அசைகளைச் சுருக்குங்கள். சுருக்குவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. ‘பாக்கு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகத் தேய்கிறதே, குற்றியலுகரம், அதேபோல் ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத உயிர் பலவும் தேய்ந்து மங்கலான ‘அ’ போல ஆகிவிடும். நாம் ஒவ்வோர் அசையையும் முழுதாகச் சொல்லிவிடுகிறோம், அதனால் அழுத்திய இடம் தனியாகத் தெரிவதில்லை.

பதின்மூன்று ஒரு பொல்லாத எண். தனியாகச் சொன்னால் தர்-[ட்டீன்] சரி. பின்னாலேயே அழுத்தமுள்ள சொல் வந்தால் இரண்டு அழுத்தம் இடித்துக்கொள்ளாமல் முன்னால் நகரும்: [தர்]-ட்டீன் [பவுண்ட்ஸ்]. அப்போது முப்பதுக்கும் அதற்கும் வித்தியாசம் அந்த நீண்ட ஈயிலும் கடைசி ‘ன்’னிலும்தான். பணம் என்றால் ‘ஒன் த்ரீ’ என்று எண் எண்ணாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஹெட்செட்_கோவை:
நேற்றிரவு பதினேழு அழைப்பு. ‘ஒன் த்ரீ’ ஒருமுறை, இன்-[வே]-லிட் இரண்டுமுறை, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மேலிருக்கும் இழைத் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று போட வழி தெரியவில்லை, நிர்வாகி யாராவது போட்டுவிடுங்கள்.